முதல் வாய்

அந்த அக்கா யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. வாயைத்தான் பார்ப்பார். அதுவும் எதிரில் இருப்பவர் எதையாவது மென்றுகொண்டிருந்தால் போச்சு, கண்ணைச் சிமிட்டக்கூட மறந்துவிடுவார். தாடை அசைவது, தொண்டை ஏறி இறங்குவது, நாக்கு உதட்டைத் துடைப்பது என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்து முடித்துவிட்டுக் கேட்பார்.

“மொதல்ல என்னா தெரியுது? இனிப்பா, உப்பா?”

இந்த ஒரு கேள்விக்கு ஒரு தோட்டமே பயந்து கிடந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பயந்தவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்களுக்கு அந்தப் பயத்தோடு எப்படிப் பிழைத்திருப்பது என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

நான் மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் ஊர்க்காரி. சடக்கோரத்து வீடு, ரோட்டை நாங்கள் சடக்கு என்போம். பஸ் சத்தத்திலேயே தூங்கி எழுந்து வளர்ந்தவளை, பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மண் சடக்கில் பல மைல் உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். எண்பதுகளில் அங்கே இன்னும் பழைய லயங்கள்தான். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிப் பத்து வீடுகள். நடுவில் பலகைச் சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது, பாதியிலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டில் ஒருவர் பெருமூச்சு விட்டால் நம் வீட்டில் கேட்கும். கடைசி வீடு அக்காவுடையது. அதற்கு முந்தின வீடு எங்களுடையது.

அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. புருஷன் எப்போதோ தவறிப்போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற கும்பலில் வேலை பார்த்தவர், ஒரு கால் சரியாக ஊன்ற முடியாமல் போனதும் நின்றுவிட்டார். வேலைக்குப் போகாதவர் லயத்தில் இருக்கக் கூடாது என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி இரண்டு தடவை ஆள் அனுப்பினாராம். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர்தான் ஆபீசுக்குப் போய்ப் பேசி நிறுத்தியிருக்கிறார். சனங்கள் காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு வராமல் இருப்பதே இந்தப் பொம்பளையால்தான், இவரை விரட்டினால் பெரட்டுக் களத்தில் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பெரட்டு என்றால் விடியலில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அந்த நேரத்துக்கு முன்னால் சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்ப எந்த வீட்டிலும் முடியாது. அதனால் பெண்கள் சாயங்காலமே தங்கள் வீட்டுப் பின்னால் விளைந்த கிழங்கோ காயோ அரிசியோ அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். விடிவதற்குள் அவர் எல்லாருக்குமாக ஆக்கி வைத்திருப்பார். மிச்சத்தை மூடி வைத்து, பொழுது சாயும்போது திரும்பச் சூடாக்கினால் ராத்திரிச் சோற்றுக்கும் அதுதான். அக்காவும் இரண்டு வேளையும் அதையேதான் சாப்பிட்டார்.

நாங்கள் அதைக் கிளறல் என்போம். கிளறாமல் செய்கிற ஒன்றுக்குக் கிளறல் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. சர்க்கரைவள்ளி, பரங்கி, மரவள்ளி, கிடைத்தால் பப்பாளிக்காய், எல்லாவற்றையும் புளியங்கொட்டை அளவில் ஒன்றுபோல நறுக்குவார். மரவள்ளியை மட்டும் முன்னாலேயே அரை வேக்காடு வேகவைத்து வடித்துக்கொள்வார். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு கை நிறைய வெங்காயம். வெங்காயத்தின் ஓரம் கருகத் தொடங்கும்போது கிழங்குகளைக் கொட்டி, கரண்டியால் அழுத்தி மட்டமாக்கி, அப்படியே விட்டுவிடுவார். அடி பொருக்குப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை பெரிய பெரிய பாளமாகப் புரட்டிப் போட்டு, கல் உப்புத் தண்ணீரைத் தெளித்து, கறுப்புத் தென்னை வெல்லத்தைச் சீவித் தூவி, தேங்காய்க் கீற்றைப் பரப்பி மூடுவார். வெல்லம் உருகிப் பொருக்கில் ஏறியிருக்கும். கடித்தால் இனிப்பு, மென்றால் உப்பு, விழுங்கும்போது மிளகாய். அந்த மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை.

அடி பிடித்துவிட்டதா என்று அவர் மோந்து பார்க்க மாட்டார். குனிந்து காதைச் சட்டியின் விளிம்புக்குக் கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அசையாமல் நிற்பார். அடுப்பு வெளிச்சத்தில் அதை முதல் தடவை பார்த்தபோது சட்டி அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பேன், நறுக்குகிற சத்தம் கேட்கும், தாளிக்கிற சத்தம் கேட்கும், பிறகு திடீரென்று ஒன்றுமே கேட்காது. இப்போது காதை வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மறுபடி கரண்டிச் சத்தம் வருகிற வரைக்கும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. நான் கல்யாணமாகி அந்த லயத்துக்குப் போன இரண்டாம் வாரம், அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். புது வீடு, புது டப்பாக்கள். கலந்து கொடுத்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, நல்லா இருக்கு பொண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் என் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சீனிக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குக் கால் வரவில்லை. இப்படி ஒன்றைக் குடித்துவிட்டு முகம் மாறாமல் இருக்கிற மனுஷி சாதாரண மனுஷியாக இருக்க முடியாது என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நினைக்க வேண்டியது வேறு. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வாய் என்கிற வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விடியலில் அவர் பின்வாசலுக்கு யார் முதலில் தூக்குச் சட்டியோடு வருகிறாரோ அவர்தான் அன்றைக்கு முதல் வாய். அவருக்கு மங்குத் தட்டில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்து, தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்பார். பதில் கிடைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு விளம்புவார். இனிப்பு என்றால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உடனே திரும்பி வருவார். உப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் அவர் முகம் தொங்கிப்போகும். உள்ளே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொள்வார். வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கற்பூரம் கொளுத்துகிறார் என்று ஒருத்தி சொன்னாள். செத்துப்போன புருஷனிடம் பேரைச் சொல்கிறார் என்று இன்னொருத்தி சொன்னாள்.

இப்படிப் பேசக் காரணம் இருந்தது. உப்பு என்று சொன்ன மண்டோர் நாலாம் நாள் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அக்காவை அந்த வீட்டில் இருக்க வைத்த அதே மண்டோர். அதற்கப்புறம் மருந்தடிக்கிற கும்பலில் இருந்த ஒரு பெண், இனிப்பே தெரியல, உப்புதான் என்றாள். வாயெல்லாம் புண்ணாகி, சோறு இறங்காமல் அந்த மாதமே போய்விட்டாள். இந்த இரண்டும் நான் வருவதற்கு முன்னால் நடந்தவை. இட்டுக்கட்டிப் பேசுகிறார்கள் என்று நான்கூட முதலில் நினைத்தேன். மூன்றாவதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு லோரிக்காரப் பையன், எங்கள் லயத்தில் இருந்த தன் தங்கச்சியைப் பார்க்க வந்து ஒரு ராத்திரி தங்கியவன், விவரம் தெரியாமல் முதல் வாயாகப் போய் நின்றான். உப்பு என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா உள்ளே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் தஞ்சோங் காராங் வயல்காட்டில் அவன் லோரி வாய்க்காலுக்குள் தலைகுப்புறக் கிடந்தது.

அதிலிருந்து காலையில் குழாயடியில் ஒரு வேடிக்கை நடக்கும். வாளி நிரம்பி வழிந்தாலும் ஒருத்தியும் நகர மாட்டாள். துணியை இரண்டாம் தடவை அலசுவார்கள், காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள், யாராவது ஒருவர் முதலில் போகட்டும் என்று. பின்வாசலில் அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூடுபனியில் முகம் தெரியாது, வெள்ளைச் சேலை மட்டும் தெரியும். கூப்பிட மாட்டார். நின்றுகொண்டே இருப்பார்.

என் வீட்டுக்காரர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலை வெட்டுகிறவர். வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறு எதுவும் வராது. குடும்பம் நடத்துவதற்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும். ஒருநாள் பெரட்டுக்கு நேரமாகிறது என்று அவர் பாட்டுக்குத் தூக்குச் சட்டியோடு போய் நின்றுவிட்டார். நான் குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தின்றார். அக்கா கேட்டார்.

“உப்புக்கா,” என்றார் இவர். “ஆனா ருசியாத்தான் இருக்கு.”

நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார், இனிப்புதான், இனிப்புதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அக்காவின் பார்வை இவர் வாயிலிருந்து என் வாய்க்கு வந்தது.

“நீ இன்னும் திங்கலையே,” என்றார்.

அந்தக் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. தட்டைப் பிடுங்கி ஒரு வாய் தின்றேன். இவர் சொன்னது சரிதான், உப்பு கொஞ்சம் முந்தித்தான் இருந்தது. விழுங்கிவிட்டு, இனிப்புக்கா என்றேன். அவர் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு. முனியாண்டி கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினேன். மின்கம்பிப் பக்கம் நிற்கிற மரத்தில் அரிவாளை நீட்டாதீர்கள் என்று தினமும் சொன்னேன். அவர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிற வரைக்கும் சாயங்காலம் வாசலை விட்டு நகர மாட்டேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. மனுஷருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. குழாயடியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவள் குறுக்கே விழுந்து இனிப்பு என்று சொன்னதால்தான் அந்தச் சொல் முறிந்தது. ஆகவே எது தெரிந்தாலும் இனிப்பு என்று சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது. நானும் அதை நம்பினேன். புதிதாக வருகிறவர்களுக்கு, விருந்தாளிகளுக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட நானே சொல்லி வைத்தேன். சந்தேகமே வேண்டாம், இனிப்பு என்று சொல். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்படித்தான் தோட்டம் முழுக்க ஒரே பதிலாகிப் போனது. தினம் தினம் இனிப்பு. அக்கா தலையை ஆட்டுவார், உள்ளே போவார், வருவார்.

கிளறலில் உப்பு ஏறிக்கொண்டே போவதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஏறியது. இரண்டு மூன்று மாதம் கழித்து, தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறோமே என்று தோன்றியது. அப்புறம் வாயில் வைத்தால் கூசத் தொடங்கியது. வெல்லம் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாரும் வாங்கி வந்து வீட்டுக்குள் வைத்துத் தண்ணீரில் அலசிப் பிழிந்து சாப்பிட்டோம். முடியாதவர்கள் கோழிக்குப் போட்டார்கள். கோழிகள் பகலெல்லாம் குழாயடிச் சேற்றிலேயே கிடந்தன. ஆனால் மறுநாள் விடியலில் முதல் வாயாக நிற்பவர் இனிப்பு என்றுதான் சொல்வார். முகத்தைச் சுளிக்காமல் விழுங்குவதற்கு ஒரு பயிற்சியே வந்துவிட்டது. வாங்காமல் இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்காத வீட்டை அக்கா கவனித்துவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கின. முதலில் பாதம், பிறகு கணுக்கால் இருந்த இடமே தெரியாமல் போனது. விடியலில் முகம் உப்பி, கண் இரண்டும் கோடாக இருக்கும். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரசர் ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்றும் உப்பைக் குறைக்கச் சொல்லியும் மாத்திரை கொடுத்தாராம். அக்கா அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் கிளறல்.

நான் அப்போது ஐந்து மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அது தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். புரிந்தால் மன்னிக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

“டிரசர் ஏசறாரு லா, உப்பு கூடக் கூடாதாம்,” என்றார். “நீ சொல்லு. மொதல்ல என்னா தெரியுது?”

நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். நாக்கு எரிந்தது. வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது, அல்லது அசைந்ததாக எனக்குத் தோன்றியது. அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கிய கண்ணுக்குள்ளிருந்து அந்தப் பார்வை வந்தது. நான் முழுங்கினேன்.

“இனிப்புதான்க்கா. உப்பெல்லாம் கூட இல்ல.”

அவர் நிம்மதியாகப் போனதைப் பார்த்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. படியிறங்கும்போது, அந்த டிரசருக்கு என்ன தெரியும் என்றும், கடையில் இப்போது விற்கிற உப்பில் சத்தே இல்லை, எவ்வளவு போட்டாலும் ஏற மாட்டேன் என்கிறது என்றும் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. வயிறாரச் சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு விடியலில் நறுக்குகிற சத்தம் பாதியில் நின்றது. காதை வைக்கிற நேரம் அது இல்லை. நான்தான் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். தோட்டத்து வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நாலு நாள் கழித்து நான் பார்க்கப் போனேன். லயத்துப் பெண்கள் போகாதே என்றார்கள். இந்த நேரத்தில், வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்பாயா என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் அந்தத் தட்டில் கரண்டி படுகிற சத்தம்தான். அது காதை விட்டுப் போகவில்லை.

இடது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புரிந்தது. ஒரு கிண்ணத்தில் கஞ்சி இருந்தது. நான் ஊட்டினேன், விழுங்கினார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுபடி பொய்தான் சொல்லியிருப்பேன். கேட்காததால் தாங்க முடியாமல் நானாகச் சொன்னேன். கிளறலில் உப்பு, ஆறேழு மாதமாக வெறும் உப்பு, யாராலும் வாயில் வைக்க முடியவில்லை, எல்லாரும் பொய் சொன்னோம், சொல்லச் சொன்னவளே நான்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் தன் கதையைச் சொன்னார். மருந்தடித்துக்கொண்டிருந்த ஒன்பதாவது வருஷம் முதலில் நகம் கழன்றது. அப்புறம் மூக்கில் வாசனை நின்றது. ஒருநாள் காலையில் காப்பி வெறும் வெந்நீராக இருந்தது. மிளகாயைக் கடித்தால் புல்லைக் கடிப்பதுபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாக்குச் செத்தவள் ஆக்குவதை யார் தின்பார்கள், தின்ன ஆளில்லை என்றால் கிராணி வீட்டைப் பிடுங்கிக்கொள்வார், போக்கிடம் ஏது? கிழங்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குணமாக இருக்கும், அளவு பார்த்துப் போட முடியாது. அதனால்தான் முதலில் வருகிறவர்களைக் கேட்டாராம். உப்பு என்றால் கைப்பக்குவம் தப்பிவிட்டதே என்று மனசு உடைந்துபோகும், கண்ணீரை யாரும் பார்த்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் வெல்லம் சீவிப் போடுவாராம். இனிப்பு என்றால் கொஞ்சம் உப்புத் தண்ணீர். மறுநாள் அந்த அளவிலிருந்து தொடங்குவார். இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“ஒங்க நாக்க நம்பித்தான் ஆக்கனேன்,” என்றார். “ஒங்க நாக்க நம்பித்தான் நானும் தின்னேன்.”

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். விரல் வைத்த இடம் குழியாகி அப்படியே நின்றது. ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். அது அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மண்டோரைச் சொன்னேன், வாய்ப்புண் வந்த பெண்ணைச் சொன்னேன், லோரிக்காரப் பையனைச் சொன்னேன். உப்பு என்று சொன்னவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று தோட்டமே நம்பியதைச் சொன்னேன். அவர் மூன்று பேரையும் மெல்ல நினைத்துப் பார்ப்பதுபோல் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப எங்கிட்ட நெசத்தச் சொன்னவங்க எல்லாம் செத்துட்டாங்க,” என்றார். “பொய் சொன்னவங்கதான் மிச்சம்.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவர் சொல்கிற மாதிரி சொன்னார். என் வீட்டுக்காரரும் உண்மையைச் சொன்னவர்தான், இருக்கிறாரே என்று எனக்கு அப்போது வாயில் வரவில்லை. சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தார். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். ஏனென்றால் நானும் அப்போதுதான் அவரிடம் உண்மையைச் சொல்லி முடித்திருந்தேன்.

அவர் மூன்றாம் நாள் போய்விட்டார். உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கர்ப்பிணி பார்க்கக் கூடாது என்று என்னை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நானும் மறுக்கவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார், உன்னை எதையாவது தின்னச் சொன்னாரா என்று. அவருக்கு நாக்கில் ருசி இல்லை, அவ்வளவுதான், நாம் நினைத்தது எதுவும் இல்லை, உப்பு என்பதை நான் அவரிடமே சொல்லிவிட்டேன் என்றேன். முதல் பாதி யார் காதிலும் ஏறவில்லை. கடைசிச் சொல் மட்டும் ஏறியது. ஒருத்தி வாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். மற்றவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் போனால் குழாயடி காலியாகிவிடும்.

அதற்கடுத்த மூன்று மாதம் நான் தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் ஒரு பாவமும் அறியாதவர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயாலேயே கேட்டவள் நான். கேட்டும் என்ன பயன், விடியலில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாதபோது, அவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றியது. இந்தத் தடவை சட்டியிடம் அல்ல, சுவரிடம். அந்தப் பக்கத்திலிருந்து என் பிள்ளையின் மூச்சை எண்ணுகிறார் என்று நினைத்தேன். நான் கொன்ற ஒருத்தரிடம் என் பிள்ளையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல், நல்ல கறுப்பு, தோட்டம் முழுக்கக் கேட்கிற குரல். அது வீறிட்டு அழுது, பரவாயில்லை, இது பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நிச்சயமான பிறகுதான் நான் அந்த அக்காவுக்காக அழுதேன்.